அயல்மொழி ஏடும் கொழும்புத் தமிழரும்

கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், துறைமுகத்தை நோக்கிய மேட்டில், ஒல்லாந்தர் 1757இல் கட்டிமுடித்த வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அக்காலத்திலேயே, கொழும்பிற் பிறந்து ஒல்லாந்தரின் குருமடத்திற் பயின்று, எபிரேயம், கிரேக்கம் முதலிய பாஷைகளிலும் வல்லவராய் விளங்கிய பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க, அது 1759இல் இந்நகரத்து அச்சகத்திலேயே பிரசுரமாயிற்று. அயல்மொழி அறிந்தார் ஒருவர், அவர் வாய்மொழியை நம்பி நிற்போர் ஊரார் அனைவரும் என்ற அந்த ஏற்பாடே ஆங்கிலேயர் காலத்தில் புதுக்கடை நீதிமன்றங்களில் மொழிபெயர்த்த முதலியார்மாரிடத்தும், பின்னர் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடத்தும் தொடர்ந்து வந்தது.

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தமிழர் ஐரோப்பாவெங்கும் சிதறியபோது அவ்வேற்பாடு போதாததாயிற்று. வெள்ளவத்தை விடுதிகளில் விசாவுக்காகக் காத்திருந்த பெற்றோரின் கைக்கு, ஆங்கிலம் அறிந்தாருக்கும் புலப்படாத பாஷைகளிற் கடிதங்கள் வந்து சேர்ந்தன. 'ஓ' என்னும் எழுத்தின் குறுக்கே கோடிருந்தால் நோர்வே அல்லது டென்மார்க், மேலே இரு புள்ளி இருந்தால் ஜேர்மனி அல்லது சுவீடன் என்று எழுத்தின் வடிவைக் கொண்டு பாஷையை அனுமானித்து, அந்நாட்டில் இருந்து திரும்பிய ஒருவரைத் தேடிப்பிடித்து, மகனின் அகதி விண்ணப்பத்தையோ மகளின் குடும்ப விவகாரத்தையோ அந்த அந்நியர் கண்ணுக்குத் திறந்துகாட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு மார்க்கம் இருக்கவில்லை.

1997 டிசம்பரில் அல்டாவிஸ்டா நிறுவனம் 'பேபல் ஃபிஷ்' என்னும் இலவச மொழிபெயர்ப்புச் சாதனத்தை இணையத்தில் வைத்தது. ஜேர்மனும் பிரெஞ்சும் அதில் உண்டு. நோர்வேஜிய மொழி இல்லை. பாஷை இன்னதென்று அறியும் வித்தை அதற்கு முன்பே கைகூடியிருந்தது: ஒவ்வொரு பாஷையிலும் எந்த இரண்டு மூன்று எழுத்துகள் அடுத்தடுத்து மிகுதியாக வருகின்றன என்று வரிசைப்படுத்தி, புதிய ஏட்டின் வரிசையை அதனோடு ஒப்பிட்டறியும் முறையைக் கவ்னார், டிரெங்கிள் என்போர் 1994இல் விளக்கியிருந்தனர். 2006இல் கூகுள் மொழிபெயர்ப்பு வந்தது. 2008இல் நோர்வேஜியமும் டேனிஷும் அதிற் சேர்ந்தன. 2010இல் குரோம் உலாவி தானே பாஷையைக் கண்டறிந்து, மொழிபெயர்க்கவா என்று கேட்கலாயிற்று. காலி வீதியின் இணையக் கடையிலிருந்து ஒரு தாய், ஆங்கிலம் வழியாகவேனும், மகன் வாழும் நாட்டின் சட்டத்தைப் பிறர் தயவின்றி அறிய வாய்ப்புப் பெற்றதை நான் சிறு நன்மையாகக் கருதவில்லை. குடும்பத்தின் அந்தரங்கத்தை ஊரார் ஒருவர் கண்ணுக்குத் திறந்துகாட்ட வேண்டியிருக்கவில்லை என்பதே அதன் மகத்துவம்.

தமிழின் முறையோ தாமதமாகவே வந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த பக்கங்களில் இலத்தீன் எழுத்துகளுக்குரிய குறியீட்டெண்களே தமிழுக்கும் நின்றமையால், எழுத்துரு இல்லாத கணினியில் நம் பாஷையே பொருளற்ற உரோம எழுத்துக் குவியலாகத் தோன்றியது. தமிழெழுத்துகளுக்குத் தனிக் குறியீட்டெண் அளித்த யூனிகோட் முறை பரவிய பின், 2011 ஜூனில் கூகுள் தமிழை ஏற்றது. சிங்களத்தை ஏற்றதோ 2014 டிசம்பரில். ஆகவே வெள்ளவத்தைத் தமிழர் ஒருவர் ஒஸ்லோ நகரத்து அலுவலகத்தின் அறிவித்தலைத் தமிழிற் பெறக்கூடியதாய் இருந்து மூன்றாண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரே, தம் வீட்டுக்கு ஒரு மைல் தூரத்து அலுவலகம் சிங்களத்தில் மாத்திரம் வெளியிட்ட அறிவித்தலை அச்சாதனத்தின் மூலம் வாசிக்க முடிந்தது. 1956இன் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரச கரும மொழியாக்கியது. 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியென்றது. அத்திருத்தம் ஏடுதோறும் நடைமுறையாகியிருந்தால் இச்சாதனத்துக்கே தேவை நேர்ந்திராது என்ற எண்ணம் என்னை வருத்துகிறது.

தமிழும் சிங்களமும் இவ்வாறு பிந்தியதன் காரணம் வெளிப்படை. அந்நாளைய இயந்திரம் இலக்கணங் கற்று மொழிபெயர்க்கவில்லை. ஒரே விஷயம் இரு பாஷைகளிலும் எழுதப்பட்ட ஏடுகளை இலட்சக்கணக்கில் ஒப்பிட்டே கற்றது. ஐரோப்பிய மொழிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்கள் குவிந்து கிடந்தன. சிங்களத்துக்கும் தமிழுக்கும் அத்தகைய சேகரம் மிகவும் சொற்பம். மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர் அரச ஆவணங்களுக்கென்றே சிங்கள–தமிழ் மொழிபெயர்ப்பு முறைமையொன்றை உருவாக்கப் புகுந்தபோது, அந்தச் சேகரத்தைத் திரட்டுவதும் அவர்களுடைய பணியாயிற்று.

சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் தொழில் இதனால் அழிந்துபோகவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைத் தூதரகத்தில் ஒப்படைக்க அவர் கையொப்பமும் முத்திரையும் வேண்டும். சிவபாக்கியம் என்ற பெயரை இயந்திரம் தனக்குத் தோன்றியவாறு ஆங்கிலத்தில் எழுதிவிடும். மொழிபெயர்ப்பாளரோ முதலிற் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எழுத்துக்கூட்டலைப் பார்த்த பின்னரே எழுதத் தொடங்குவார்.