கொடைக்கானல் மலைப்பூண்டு

கொடைக்கானல் மலைப்பூண்டு, திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலைத்தொடரின் மேல்மலைக் கிராமங்களில் விளையும் பூண்டு வகை. வெங்காயத்தின் இனத்தைச் சேர்ந்தது. பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி ஆகிய ஊர்கள் இதன் சாகுபடிக்குப் பெயர்பெற்றவை.

விதைப்பூண்டு

பூண்டில் பொதுவாக விதை பிடிப்பதில்லை. பல்லை ஊன்றியே பயிரிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு அறுவடையிலும் ஒரு பங்கை விற்காமல் அடுத்த போகத்துக்கு ஒதுக்கிவைப்பர். தாளோடு கட்டுகளாகக் கட்டித் தொங்கவிட்டு, புகை மூட்டிக் காப்பர். புகையில் ஈரம் வற்றுவதால் பூண்டு எளிதில் அழுகாது. இன்று ஊன்றப்படும் பல், முன்னோர் காத்துவந்த அதே செடியின் தொடர்ச்சி.

இம்முறையில் ஆபத்தும் உண்டு. நச்சுயிரி நோய் தாக்கினால், அதுவும் பல்லோடு அடுத்த போகத்துக்குச் செல்லும். இதே மலைத்தொடரின் விருப்பாட்சி வாழையும் கன்று நட்டே பெருகுவது. முடிக்கொத்து நோய் பரவியதால், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதன் சாகுபடிப் பரப்பு வெகுவாகச் சுருங்கியது.

பயன்பாடு

மலைப்பூண்டு காரமும் நெடியும் மிக்கது. பல்லை நசுக்கும்போது உருவாகும் அல்லிசின் என்னும் கந்தகச் சேர்மமே நெடிக்குக் காரணம். முழுப்பல்லாக வேகவைத்தால் நெடி அடங்கும். குழம்பு, ரசம், ஊறுகாய் ஆகியவற்றில் பூண்டு சேர்க்கப்படுகிறது. பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பாலில் வேகவைத்துத் தருவதும் வழக்கம்.

புவிசார் குறியீடு

கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் முயற்சியால், 2019-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூண்டை இப்பெயரில் விற்பதைத் தடுக்க இக்குறியீடு உதவுகிறது. விதைப்பூண்டைக் காப்பது இன்றும் உழவர்களின் பொறுப்பாகவே உள்ளது.