உளி கற்பிக்கும் பொறுமை

செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் உள்ள மாமல்லபுரத்தில் முழுமை பெற்ற வேலைப்பாடுகளைக் கண்டு வியப்போர் பலர். ஒரு தொழில் எவ்வாறு கைவந்தது என்பதை அறிய, நாம் காண வேண்டியவை அங்கே பாதியில் நிற்கும் பாறைகளே.

முற்றுப்பெறாத குடைவரைகளில் பாறையின் முகம் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சுற்றிலும் ஆழமாகக் காடி வெட்டி, எஞ்சிய சதுரத்தைத் தட்டிப் பெயர்த்து, மீண்டும் கோடிட்டு உள்ளே சென்றுள்ளனர். ஒற்றைக்கல் இரதங்களை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினர். பெயர்த்த கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. ஆகவே அளவறிந்த கைக்கே அங்கு இடமிருந்தது.

7ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து பழகிய தொழில், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லை அடுக்கிக் கடற்கரைக் கோயிலை எழுப்பும் நிலையை எட்டியது. 1957இல் அரசு அங்கு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக விளங்குகிறது.

உருவ வழிபாடு நம் நெறியன்று. ஆயினும் உழைப்பின் பாடம் அனைவருக்கும் பொது. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், கவச வளையங்களை அளவாக அமைக்கும்படி கட்டளையிட்டதைத் திருக்குர்ஆனின் 34ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. அவர்கள் தம் கையுழைப்பிலேயே உண்டு வந்தார்கள் என்பது நபிமொழி தரும் செய்தி.

தச்சோ தையலோ பழகும் பிள்ளை சில மாதங்களில் பொருளீட்டவில்லையே என்று பெற்றோர் அவசரப்பட வேண்டா. கோடு பிசகாமல் வெட்டப் பழகும் காலமும் தொழிலைச் சேர்ந்ததே. அக்காலத்தை நம் பிள்ளைகளுக்கு மனமுவந்து அளிப்போமாக.