‘கூரி’: போர்வைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும்

2016 அளவில் டென்மார்க்கின் ‘ஹூக’ உலகச் சந்தைக்கு வந்தது. மெழுகுதிரி, கம்பளிக் காலுறை, நெருங்கிய நாலு சினேகிதர்: இதுதான் சந்தோசம் எண்டு புத்தகங்கள் குவிந்தன. ஸ்கொட்லாந்தும் தன் பங்குக்கு ஒரு சொல்லைத் தேடியது. 2017இல் சுற்றுலாச் சபை ‘கோசகாக்’ எண்ட கெய்லிக் சொல்லை முன்வைத்தது. அது பொந்தும் இடுக்கும் நிறைந்த இடத்தைக் குறிக்கிற சொல் எண்டு கெய்லிக் பேசுற ஆக்கள் சிரித்தார்கள். 2018இல் ‘கூரி’யின் முறை. ‘கூரியின் கலை’ எண்டு புத்தகமே வந்தது.

கூரி, ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஸ்கொட்ஸ் மொழிச் சொல். இன்று அதற்கு அணைந்து படுத்தல், கதகதப்பாக ஒண்டிக்கொள்ளுதல் எண்டு பொருள். ஆனால் பழைய பொருள் குனிதல், பதுங்குதல், உடம்பைக் குறுக்குதல். குளிருக்கோ அடிக்கோ பயந்து ஒடுங்குகிறவரும் ‘கூரி’ செய்பவர்தான்.

இந்த ரெண்டு பொருளும் ஏன் ஒட்டிக் கிடக்கின்றன எண்டு விளங்க, அந்த நாட்டு உழைப்பாளிகளின் வாழ்க்கையைப் பார்க்கவேணும். 1606ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரித் தொழிலாளரை முதலாளியோடு கட்டிப்போட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறிடம் போகேலாது. அந்தக் கட்டு முழுதாய் அறுந்தது 1799இல்தான். அதன் பிறகும் கிழக்கு ஸ்கொட்லாந்தில் பெண்களும் சிறுமிகளும் குனிந்தபடி நிலக்கரியை முதுகில் சுமந்தார்கள். 1842இல்தான் அவர்கள் நிலத்தடியில் வேலை செய்வது தடைசெய்யப்பட்டது. வீடும் அப்படித்தான். 1911இல் ஸ்கொட்லாந்து மக்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் ஒண்டு அல்லது ரெண்டு அறை வீடுகளில் இருந்தார்கள். சுவர்க்குழிக் கட்டிலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒண்டிப் படுத்தது அலங்காரத்துக்காக இல்லை. வேற இடமும் இல்லை, சூடும் இல்லை.

கிளாஸ்கோப் பாடகர் மட் மகின் (1928–1977) எழுதிய ‘கூரி டூன்’ ஒரு தாலாட்டு. அதில் பிள்ளையை அணைந்து படுக்கச் சொல்லுகிற அதே சொல், மூன்றடி உயர நிலக்கரிப் படைக்குள் குனிந்து வெட்டுகிற தகப்பனுக்கும் வருகிறது. பிள்ளையின் கதகதப்புக்கு யார் எங்கே குனிகிறார் எண்டு அந்தத் தாலாட்டு ஒளிக்கவில்லை.

சந்தைக்கு வந்த ‘கூரி’யில் போர்வை இருக்கு, சுரங்கம் இல்லை. சொல்லின் பொருள் காலத்தோடு மாறுவது இயல்புதான். கதகதப்பை விரும்புவதும் பிழையில்லை. ஆனால் அந்தக் கதகதப்பு ஸ்கொட்லாந்தின் அழகான நிலத்தோற்றத்திலிருந்து சும்மா ஊறி வந்ததில்லை. வறுமையிலும் ஆக்கள் ஒருவரையொருவர் விடாமல் பிடித்துக்கொண்டதால் வந்தது. சொல்லை விற்கிறவர்கள் அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லவேணும் எண்டே நாம் கேட்கிறோம்.