டென்மார்க்கில் செப்டம்பர் மாதம்

வட கடலுக்கும் பால்டிக் கடலுக்கும் நடுவே, ஜட்லாந்து என்னும் தீபகற்பமும் நானூற்றுக்கு மேற்பட்ட தீவுகளுமாகச் சிதறிக் கிடக்கும் டென்மார்க் தேசத்தில் சரத்ருதுவின் முதல் மாதமாகக் கொள்ளப்படுவது செப்டம்பர். நம் பஞ்சாங்கப்படி ஆவணியின் பிற்பாதியும் புரட்டாசியின் முற்பாதியும் இதில் அடங்கும். பகல் விரைவாகக் குறுகி வருவதே இம்மாதத்தின் பிரதான லக்ஷணம். மாதத்தின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே தரங்கம்பாடியில் பகற்பொழுது ஏறக்குறையக் கால் மணி நேரமே குறைய, கோபன்ஹேகனிலோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. சராசரி வெப்பநிலை 13 பாகை செல்ஸியஸை ஒட்டியிருக்கும். கோடை விடுமுறை முடிந்து, அறுவடையும் பெரும்பாலும் முடிந்து, மழையும் காற்றும் வலுக்கத் தொடங்கும் இக்காலத்தில், அந்நாட்டின் சரித்திரத்திலே மிகக் கொடியதென்றும் மிக உயர்ந்ததென்றும் சொல்லத்தக்க இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்திருக்கின்றன.

பழைய டேனிஷ் நாட்காட்டியில் இம்மாதத்துக்கு 'மீன் மாதம்' என்று பெயர். மத்திய காலத்தில், டென்மார்க்கையும் இன்றைய ஸ்வீடனையும் பிரிக்கும் ஓரசுண்ட் நீரிணையில் இலையுதிர் காலந்தோறும் ஹெர்ரிங் மீன்கள் அளவிறந்த கூட்டங்களாகத் திரண்டு வர, அக்காலத்தில் டேனிஷ் மன்னருக்கு உட்பட்டிருந்த ஸ்கானோர், ஃபால்ஸ்டர்போ என்னும் ஊர்களின் கடற்கரையில் பெருஞ்சந்தை கூடியது. லூனெபர்க்கில் எடுத்த உப்பை லூபெக் நகரத்து வணிகர்கள் கப்பலில் கொண்டுவந்து, மீனைக் குடல் நீக்கி உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து, மாமிசம் விலக்கிய விரத நாட்கள் மிகுந்திருந்த கிறிஸ்தவ ஐரோப்பா முழுமைக்கும் அனுப்பினார்கள்; சுங்கத்தால் அரசரின் பொக்கிஷம் நிறைந்தது. 1658-இல் அந்தக் கரை ஸ்வீடனுக்குப் போய்விட்டது. மாத இறுதியில், 29-ஆம் தேதி, தேவதூதரான மிக்கேலின் திருநாள். அறுவடை முடிந்ததற்கு அடையாளமாக விளங்கிய இந்நாள், விடுமுறைகள் மிகையென்று கருதி 1770-இல் அரசாங்கம் பலவற்றை நீக்கியபோது அவற்றோடு போயிற்று. ஆயினும் மாதா கோயில்களில் அறுவடைக்கு நன்றி செலுத்தும் ஆராதனை இன்றும் நடைபெறுகிறது.

பிரகிருதியின் காட்சிகளில் முதலிடம் பெறுவது 'கரிய சூரியன்' என்று டேனியர் அழைக்கும் அதிசயம். நம் வயல்களுக்குக் குளிர்காலத்தில் வந்து போகும் சூறைக்குருவியின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகள், தெற்கு ஜட்லாந்தின் மேற்குக் கரையோரத்தில் டோண்டர் நகரை அடுத்த சதுப்பு நிலங்களில் பல லக்ஷக்கணக்கில் வந்து தங்குகின்றன. பகலெல்லாம் புல்வெளிகளில் புழுக்களைக் கிளறித் தின்றுவிட்டு, அஸ்தமன வேளையில் நாணற்காடுகளில் உறங்க இறங்கும் முன்பு அவை ஒரே கூட்டமாக வானில் எழுகின்றன; வல்லூறோ வேறு வேட்டைப் பறவையோ குறுக்கே பாய்ந்தால், அந்தக் கூட்டம் சட்டென்று சுருங்கிக் கறுத்து, இரண்டாகப் பிளந்து, மறுபடியும் ஒன்று சேர்கிறது. பிறகு ஒரு கணத்தில், மேலிருந்து கொட்டியதுபோல், அத்தனையும் நாணலுக்குள் இறங்கிவிட, தண்டுகள் அந்தப் பாரத்தால் வளைந்துபோகின்றன. அப்பறவைகளின் கூச்சல் மட்டும் இருட்டிய பின்பும் நெடுநேரம் கேட்கும். கோபன்ஹேகனுக்கு வடக்கே, 17-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஃபிரெடெரிக் அரசர் வேட்டைக்காக வேலியிட்ட மான்வனத்தில், செம்மான் கலைகள் இணை தேடிக் கர்ஜிப்பதும் கொம்போடு கொம்பு மோதுவதும் இம்மாதத்தில்தான். இவ்வனம் 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காடுகளில் காளான் பொறுக்குவோர் நடமாட்டமும், தோட்டங்களில் ஆப்பிள் பறிப்பும் மிகும். தெற்கு ஜட்லாந்தின் கிரோஸ்டேன் அரண்மனையின் பெயர் தாங்கிய ஆப்பிளே, 2005 முதல், அந்நாட்டின் தேசிய ஆப்பிள்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். 1807 செப்டம்பர் 2-ஆம் தேதி மாலை தொடங்கி 5-ஆம் தேதி வரையில் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் மீது குண்டு மாரி பொழிந்தார்கள். நெப்போலியனுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த யுத்தத்தில் டென்மார்க் நடுநிலை வகித்திருந்தும், அதன் வலிய கடற்படை பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கிவிடக்கூடும் என்ற அச்சம் ஒன்றே, யுத்தப் பிரகடனம் செய்யாமலே ஒரு தலைநகரைத் தாக்க ஆங்கில மந்திரிகளுக்குப் போதுமானதாயிற்று. குண்டுகளோடு காங்கிரீவ் ராக்கெட்டுகளும் வந்து விழுந்து, வீடுகளும், நகரின் பிரதான தேவாலயமான மாதா கோயிலும் பற்றி எரிந்தன. அக்கோயிலின் கூர்ங்கோபுரம் தீப்பிழம்பாகச் சாய்ந்தது. நகரக் காவலராயிருந்த ஜெனரல் பேமான் 7-ஆம் தேதி சரணடைய, பதினைந்துக்கு மேற்பட்ட பெரும் போர்க்கப்பல்கள் உள்ளிட்ட கடற்படையை ஏறக்குறைய முழுதும் வென்றவர்கள் ஓட்டிச் சென்றார்கள்.

இச்சம்பவத்தில் தென்னிந்தியாவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது நம்மில் பலர் அறியாதது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயர் மீது ஏவிய இரும்புக் குழாய் வாணங்களை மாதிரியாகக் கொண்டே வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை அமைத்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையில் பங்கு கொண்ட ஆர்தர் வெல்லெஸ்லியே, பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு என்று பெயர் பெற்றவர், கோபன்ஹேகனுக்கு அருகிலுள்ள கோகே என்னும் ஊரில் 1807 ஆகஸ்ட் 29-ஆம் தேதி டேனியரின் நாட்டுப்புறப் படையைச் சிதறடித்தவர். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர் குடியேறியிருந்த தரங்கம்பாடியையும் இந்த யுத்தம் விட்டுவைக்கவில்லை. 1808-இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி 1815 வரையில் தம் வசம் வைத்திருந்தார்கள். திரும்பப் பெற்ற ஊரில் பழைய வியாபாரம் தழைக்கவில்லை. 1845-இல் அது ஆங்கிலக் கம்பெனிக்கே விற்கப்பட்டது. கடற்படையை இழந்த டென்மார்க் நெப்போலியன் பக்கம் சேர்ந்து, 1813-இல் அரசாங்கமே திவாலாகி, 1814-இல் நார்வேயையும் பறிகொடுத்தது. ஐயத்தின் பேரில் ஒரு சிறு தேசத்தை இவ்வளவு தூரம் அழித்த செயலை இங்கிலாந்திலேயே அக்காலத்தில் பலர் கண்டித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1819 செப்டம்பர் 6-ஆம் தேதி, திங்கட்கிழமை, ஓடென்ஸ் நகரத்துச் செருப்புத் தொழிலாளியின் மகனான பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் நாடகக் கொட்டகையில் பிழைப்புத் தேடிக் கோபன்ஹேகனுக்கு வந்து சேர்ந்தான். இவனே பிற்காலத்தில் உலகக் குழந்தைகளுக்கெல்லாம் கதை சொன்ன ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். அவன் வந்த வேளையில் நகரம் அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் கல்லெறிந்து தாக்கிய கலகம் அப்போதுதான் மூண்டிருந்தது; அதன் அலைகள் சில மாதங்கள் வரை ஓயவில்லை.

அதே நகரில், அதே மாதத்தில், 124 வருஷங்களுக்குப் பின் நடந்தது முற்றிலும் வேறு. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் டேனிஷ் அரசாங்கம் 1943 ஆகஸ்ட் 29-ஆம் தேதி செயலற்றுப்போக, யூதர்களை ஒரே இரவில் பிடித்து நாடு கடத்த நாஜிகள் திட்டமிட்டார்கள். ஜெர்மானியத் தூதரகத்தில் கப்பல் விவகார அதிகாரியாயிருந்த கேயோர்க் டுக்விட்ஸ், செப்டம்பர் 28-ஆம் தேதி இந்த ரகசியத்தை ஹான்ஸ் ஹெட்டோஃப்ட் முதலிய டேனிஷ் தலைவர்களிடம் வெளியிட்டார். மறுநாள் காலை, யூதப் புத்தாண்டுக்கு முந்திய வழிபாட்டுக்கு வந்தவர்களிடம், ஆராதனை நடக்காதென்றும் உடனே வீட்டைவிட்டு மறைந்துகொள்ளுங்கள் என்றும், அறிந்தவர்க்கெல்லாம் சொல்லுங்கள் என்றும் மதகுரு மார்க்குஸ் மெல்ச்சியோர் எச்சரித்தார். அக்டோபர் முதல் தேதி இரவு ஜெர்மானியர் கதவைத் தட்டியபோது பெரும்பாலான வீடுகள் காலி. மருத்துவமனைகளிலும் தேவாலயங்களிலும் அண்டை அயலார் வீடுகளிலும் ஒளிந்திருந்தவர்களை, அடுத்த சில வாரங்களில் கில்லெலையே முதலிய கரையோர ஊர்களின் செம்படவர்கள் படகின் அடித்தட்டில் பதுக்கி ஸ்வீடனில் சேர்த்தார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் தப்பினர். பிடிபட்டுத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டவர் ஏறக்குறைய 470 பேர். படகுக்காரர்களில் சிலர் அதிகக் கூலி வாங்கியதும் மெய்யே. அதனால் செயலின் மேன்மை குறைந்துவிடாது. படகு போனால் பிழைப்பும் போகும், அகப்பட்டால் சிறை என்று அறிந்தே அவர்கள் சென்றார்கள். பௌதிக மேதையான நீல்ஸ் போரும், தாயார் யூதராகையால், அம்மாத இறுதியில் ஸ்வீடனுக்குக் கடந்தார். ஆபத்து அத்தோடு முடியவில்லை: எதிர்ப்பியக்கத்தோடு உறவுகொண்டதென்று ஐயுறப்பட்ட டேனிஷ் போலீஸ் படையை ஜெர்மானியர் 1944 செப்டம்பர் 19-ஆம் தேதி கலைத்து, சுமார் 2,000 பேரை ஜெர்மனிக்கு நாடு கடத்தினார்கள்.

இம்மாதத்தில் பிறந்தோரில், மக்கள் உயர்பள்ளி என்னும் கல்வி முறைக்கு வித்திட்ட மதகுரு கிருண்ட்விக் (8-ஆம் தேதி, 1783), கார்ல்ஸ்பெர்க் மதுவாலையை நிறுவிய ஜாகோப்சென் (2-ஆம் தேதி, 1811) ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். பின்னவர் 1876 செப்டம்பர் 25-இல் தொடங்கிய அறக்கட்டளை விஞ்ஞானத்துக்கு இன்றளவும் பொருளுதவி செய்து வருகிறது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். அளவுமுறை 1909-இல் பிறந்தது அவருடைய ஆராய்ச்சிச்சாலையிலேதான். ஒளிக்கும் வேகம் உண்டென்பதை, வியாழனின் சந்திரனான அயோவின் கிரகணங்களைக் கணித்து, 1676-இல் பாரிஸில் நிலைநாட்டிய ஓலே ரோமர், 1644 செப்டம்பர் 25-ஆம் தேதி ஆர்ஹுஸ் நகரில் பிறந்தார். இவர் விஷயத்தில் ஒரு வேடிக்கை: டென்மார்க் 1700-இல் கிரிகோரியன் நாட்காட்டியைத் தழுவி, பிப்ரவரி 18-க்கு அடுத்த நாளை மார்ச் 1 ஆக்கியது இவருடைய யோசனையின்படியே. அந்தப் புதுக் கணக்கில் பார்த்தால் இவருடைய பிறந்த நாளே அக்டோபர் 5-க்குப் போய்விடுகிறது!

சில்லறைச் செய்திகளில், கோபன்ஹேகன் துறைமுகத்துச் சின்னக் கடற்கன்னிச் சிலை 2003 செப்டம்பரில் வெடிவைத்து நீரில் தள்ளப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டதும், அயல்நாடுகளில் பணியாற்றிய படைவீரர்க்காக 2009 முதல் 5-ஆம் தேதி கொடிநாளாகக் கொண்டாடப்படுவதும் சேரும். 2000 செப்டம்பர் 28-ஆம் தேதி, ஐரோப்பாவின் பொது நாணயமான யூரோவை ஏற்கலாமா என்று கேட்டபோது, வாக்களித்தோரில் 53.2 சதவிகிதம் பேர் வேண்டாமென்றார்கள். ஆகவே டென்மார்க்கில் இன்றும் செலாவணியில் இருப்பது குரோன் நாணயமே.