சாம்பா

லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளும் விண்டோஸ் கணினிகளும் ஒரே வலையமைப்பில் கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்ந்துகொள்ள உதவும் கட்டற்ற மென்பொருள். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 இறுதியில் இதை எழுதத் தொடங்கினார்.

விண்டோஸ் கணினிகள் கோப்புப் பகிர்வுக்கு எஸ்எம்பி என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. 1980களில் ஐபிஎம்மில் உருவான அதை மைக்ரோசாஃப்ட் பின்னர் பெரிதும் விரிவாக்கியது. அதன் முழு விவரமோ நெடுங்காலம் வெளியாருக்குக் கிட்டவில்லை. சாம்பா குழுவினர் கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்து, எந்தக் கோரிக்கைக்கு எந்த விடை வருகிறது என்று பார்த்துப் பார்த்தே நெறிமுறையைக் கண்டறிந்தனர். மென்பொருள் வரலாற்றின் பொறுமையான உழைப்புகளுள் இது ஒன்று.

கோப்பைக் கடத்துவதைவிட இரு இயங்குதளங்களின் வழக்கங்களைப் பொருத்துவதே கடினம். கோப்புப் பெயர்களில் லினக்ஸ் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை வேறாகக் கருதும். விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் வரலாம்; விண்டோஸ் ஏற்காது. அத்தகைய பெயர்களைச் சாம்பா மாற்றிக் காட்டும். அணுகல் உரிமைகளையும் அது இரு முறைகளுக்கிடையே பெயர்த்துத் தர வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் தன் நெறிமுறை விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்ற ஐரோப்பிய ஆணையத்தின் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீதிமன்றம் 2007இல் உறுதிசெய்தது. அதையடுத்து, ஒருமுறைக் கட்டணமாக 10,000 யூரோ செலுத்தி நெறிமுறை ஆவணங்கள் சாம்பா குழுவுக்காகப் பெறப்பட்டன. 2012இல் வெளியான சாம்பா 4.0 பதிப்பு, விண்டோஸ் வலையமைப்பில் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி சேவையகமாகவும் இயங்கும் திறன் பெற்றது.