முயலுக்குக் கேரட் கொடுக்கச் சொன்னது யார்?

சென்ற மழைக்காலத்தில் நம் குடியிருப்பில் ஒரு வெள்ளை முயல் இறந்துபோனது உங்களில் பலருக்குத் தெரியும். அந்த வீட்டுக் குழந்தைகள் ஆசையாகக் கேரட்டும் மிஞ்சிய சாதமும் கொடுத்து வந்தார்கள். ஒருநாள் அது சாப்பிடுவதை நிறுத்தியது. வயிறு மந்தம், தானே சரியாகிவிடும் என்று இரண்டு நாள் காத்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முயல் என்றால் கேரட் என்றுதானே நாம் எல்லோரும் படம் பார்த்து வளர்ந்தோம்? அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஆலங்காயத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

முதலில், நம் ஊர் முயல் வேறு. ஜவ்வாது மலைக் காட்டிலும் அடிவாரக் கொல்லைகளிலும் அந்தி நேரத்தில் குறுக்கே ஓடுகிறதே, பழுப்பு உடம்பும் கறுத்த பிடரியும் கொண்ட காட்டு முயல், அது வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கூண்டில் வளரும் வெள்ளை முயலோ கண் திறக்காமல், ரோமமில்லாமல் பிறக்கும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் இனம் சேராது. திருக்குறளில் வேடன் அம்புக்கு இலக்காக வருவது முதல் வகை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதும் அதுதான். ஆகவே புதரில் தனியாகக் கிடந்த குட்டியைப் பாவம் என்று தூக்கி வராதீர்கள். தாய் பகலில் விலகியிருந்து, பால் கொடுக்க மட்டுமே வரும்.

வெள்ளை முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். ரோமானியர்கள் அதை மதில் கட்டிய தோட்டங்களில் இறைச்சிக்காக அடைத்து வைத்தார்கள். கி.பி. 600 வாக்கில் போப் கிரிகோரி முயல் குட்டியை விரத நாளில் தின்னலாம் என்று அனுமதித்ததால்தான் துறவிகள் முயலை வளர்ப்பு விலங்காக்கினார்கள் என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். 2018இல் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது அப்படி ஓர் ஆணையே இல்லை. யாரோ ஒருவர் தவறாக எழுதியதைப் பிறகு வந்தவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கேரட் கதையும் அப்படித்தான். 1940இல் அமெரிக்கக் கார்ட்டூனில் பக்ஸ் பன்னி கேரட்டைக் கடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தது. 1934இல் வந்த ஒரு சினிமாவில் நடிகர் கிளார்க் கேபிள் வேலியோரம் சாய்ந்து கேரட் கடித்தபடி பேசும் காட்சியைக் கிண்டல் செய்யத்தான் அது. முயலின் தீனியைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை! நம் பக்கத்திலோ கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாம் 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் ஊட்டி மலையில் பயிரானவை. சந்தையில் இன்றும் சிலர் இங்கிலீஷ் காய் என்றுதான் சொல்கிறார்கள்.

முயலின் வயிறு புல்லுக்கென்று அமைந்தது. பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையில் நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. மாவும் சர்க்கரையும் அதிகமானால் அந்த நுண்ணுயிரிகளின் சமநிலை கெட்டு வாயு சேரும், குடல் நின்றுபோகும். பல்லும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால், மெல்ல மெல்லத் தேய்வதற்கும் புல் வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்க்கிறார்கள். நம் மாநிலப் பண்ணைகளில் வேலிமசால், அகத்தி, கல்யாண முருங்கை இலை என்று பசுந்தழைதான் போடுவது வழக்கம். அது சீக்கிரம் எடை ஏற வேண்டிய முயலுக்கான தீனி. உங்கள் வீட்டுப் பெரிய முயலுக்கு அறுகம்புல்லும் காய்ந்த புல்லும் எப்போதும் கிடைக்கட்டும், மசால் கொஞ்சம் போதும்.

அதற்கு மேல் தினமும் ஒரு பிடி கொத்தமல்லி, புதினா, கேரட்டின் இலை. கிழங்கைத் தூக்கிப்போடும் இலையோடு மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்: கேரட் துண்டு வாரத்துக்கு இரண்டு முறை, கட்டைவிரல் அளவு. பாலக், அரைக்கீரையில் ஆக்ஸாலிக் அமிலம் இருப்பதால் எப்போதாவது. கோஸ் சிலதுக்கு உப்பசம் தரும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, சாதம், பிஸ்கட் இவை வேண்டவே வேண்டாம். சந்தைக் கீரையில் மருந்து இருக்கும், நன்றாக அலசிவிட்டுக் கொடுங்கள்.

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

நம் பின்பக்கத் தோட்டத்து அறுகம்புல்லைக் கையால் பறித்துக்கொள்ளலாம். மெஷினில் வெட்டிக் குவித்தது சூடேறிப் புளித்துவிடும், அதை எடுக்காதீர்கள். கொசு மருந்து அடிக்கும் வாரம் வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுப் பறியுங்கள்.