சல்லடை: கண்ணா, அசைவா?

சல்லடை என்றதும் நினைவுக்கு வருவது அதன் கண்கள். பெயரோ கண்ணைச் சொல்லவில்லை. ‘சலி’ என்னும் வினையோடு, ஆட்டி அரிக்கும் செயலோடு, சேர்ந்து நிற்கிறது. தெலுங்கின் ‘ஜல்லிஞ்சு’ (சலி), ‘ஜல்லெட’ (சல்லடை) இரண்டுக்கும் இதே உறவு. அசைவே முக்கியம் என்பதற்குத் தூள் ஆலைச் சல்லடை நல்ல சாட்சி. அங்குலத்துக்கு 200 கண் உள்ள கம்பிவலையில் ஒரு கண் ஏறத்தாழ 75 மைக்ரான். அதில் நைசான மஞ்சள்தூளைக் கொட்டினால், கொஞ்சம் உதிர்ந்து நின்றுவிடும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணை அடைத்துக்கொள்ளும். விளிம்பில் தட்டினால்தான் மறுபடி இறங்கும். ஆலையில் மோட்டார் ஓயாமல் செய்வதும் அந்தத் தட்டலைத்தான்.

சித்த மருத்துவத்தில் சூரணத்தைத் துணியில் சலிப்பதை ‘வஸ்திரகாயம்’ என்கிறோமே, அங்கே வஸ்திரம், அதாவது துணி என்னும் கருவிதானே பெயராகிறது என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்தப் பெயர் தூள் எவ்வளவு நுண்மையாக வேண்டும் என்பதைச் சொல்கிறது. துணியையும் அசைக்காமல் சூரணம் இறங்காது. ஆகவே ஆலையில் மோட்டார் அசைக்கும் சல்லடையை ‘அதிர்வுத் திரை’ என்று எழுதுவது பிழை. திரை மறைப்பது, இது பிரிப்பது. ‘அதிர்வுச் சல்லடை’ என்றே எழுதுங்கள்.